பல்பொடி பாக்கெட்டில் ஒரு கறுப்புப் பல்

என்னை அடிக்க வந்தவர்கள் பலர். அவர்களில் முறை தெரிந்தவர் அந்தப் பல்பொடி முதலாளி ஒருவர்தான். காலையிலேயே டீக்கடைக்காரரிடம் சொல்லி அனுப்பிவிட்டார்.

"அந்த பிளாக் வெட்டுற ஆளாண்ட சொல்லு. கோர்ட்ல வாய்தா வாங்கிக்கினு நேரா வரேன். எங்கியும் ஓடிப் போவ வேணாம்."

நான் ஓடவில்லை. தைரியம் என்று நினைத்துவிடாதீர்கள். எந்தப் பக்கம் ஓடுவது என்று முடிவு செய்வதற்குள் அவர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டார். கழற்றியவர் அதை அங்கேயே விடாமல் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வந்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

அறுபதுகளின் கடைசி அது. திருவள்ளூர் கோர்ட்டுக்குப் பின்பக்கம் ஒரு சின்ன அச்சகத்தில் நான் பிளாக் வெட்டிக்கொண்டிருந்தேன். எழுத்துகளுக்கு ஈய அச்சு உண்டு. படம் வேண்டுமென்றால் போட்டோவை மெட்ராஸுக்கு அனுப்பி, துத்தநாகத் தகட்டில் பிளாக் செய்து வாங்க வேண்டும். அதற்குக் காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்களும், செலவு செய்ய மனசு இல்லாதவர்களும் என்னிடம் வந்து சேருவார்கள். நான் லினோலியத்தை மரக்கட்டையில் ஒட்டி, அதில் வெட்டித் தருவேன். சினிமா கொட்டகை மேனேஜர் அறையில் தரைக்கு விரித்திருந்து, கிழிந்துபோனதும் தூக்கி எறிந்த லினோலியம் அது. உளி என்று தனியாக ஒன்றும் கிடையாது. குடைக்கம்பிக்கு உள்பக்கம் ஒரு பள்ளம் இருக்குமே, அதன் நுனியைத் தீட்டினால் அருமையாகச் சீவும். வெட்டி எடுத்த இடம் காகிதத்தில் வெள்ளையாக நிற்கும். விட்டு வைத்த இடம் மையை வாங்கிக்கொண்டு கறுப்பாக விழும். வித்தை மொத்தமும் இவ்வளவுதான். இதிலும் நான் சுமார்தான்.

எனக்கு ஒரே ஒரு மூக்குதான் வெட்ட வரும். நாடக நோட்டீசில் வில்லனுக்கும் அந்த மூக்கு, ராஜாவுக்கும் அந்த மூக்கு. கண்ணீர் அஞ்சலி நோட்டீசில் யார் செத்தாலும் அதே மூக்குதான். திருவள்ளூர் சுற்று வட்டாரத்தில் அந்த நாளில் செத்துப்போனவர்கள் எல்லாரும் அண்ணன் தம்பி போல இருப்பார்கள். காணாமல் போன எருமைக்கு ஒரு தரம் படம் வெட்டினேன். அதைப் பார்த்துவிட்டு எங்கள் மெஷின்மேன் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"எருமய வெட்டச் சொன்னா, எருமக்காரன வெட்டி வச்சிகிறியேய்யா."

இந்த மெஷின்மேனைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். காலால் மிதிக்கிற டிரெடில் மெஷின் அவன் வசம். எனக்கும் அவனுக்கும் ஆகாது. படம் நன்றாக விழுந்தால் அவன் மிதித்தது. மோசமாக விழுந்தால் நான் வெட்டியது. நான் இதைத் தலைகீழாகச் சொல்லுவேன். இருவரும் ஒரே அறையில் எட்டடி தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, நாள் முழுக்க ஒருவர் தொழிலை ஒருவர் காறித் துப்பிக்கொண்டிருப்போம். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் நிறுத்துவோம். வாயில் சோறு இருக்குமே.

அங்கேதான் பல்பொடி முதலாளி வந்தார். கவரைப்பேட்டை ஸ்டேஷனுக்கு அந்தப்பக்கம் ஒரு ஷெட்டில் ரோஸ் கலர் பல்பொடி தயார் செய்து விற்றுக்கொண்டிருந்தார். சொந்த அண்ணன்மேல் நிலத் தகராறு வழக்கு ஒன்று போட்டிருந்ததால் மாதாமாதம் வாய்தாவுக்குத் திருவள்ளூர் வருவார். வாய்தா தள்ளிப்போன கோபத்தை வீட்டுக்குக் கொண்டுபோக அவருக்கு விருப்பமில்லை. எங்கள் அச்சகத்தில் இறக்கிவைத்துவிட்டுப் போவார்.

அவருடைய சொத்து அவருடைய பல். ஊத்துக்கோட்டை சந்தையில் வாராவாரம் கடை போடுவார். தண்ணீர் நிறைந்த பித்தளைக் குடத்தின் கழுத்தில் துண்டைக் கட்டி, துண்டின் நுனியைப் பல்லால் கடித்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குடத்தை அப்படியே தூக்குவார். கழுத்து நரம்பு புடைக்கும். கூட்டம் வாயைப் பிளக்கும். குடத்தைக் கீழே வைத்ததும் வரிசைப் பல்லைக் காட்டிச் சிரிப்பார். பிறகு பேச்சே வேண்டாம், பாக்கெட் தானாகப் போகும். இன்னாருடைய பொடி என்பதைவிட, இந்தப் பல்லுக்குச் சொந்தக்காரருடைய பொடி என்பதுதான் வியாபாரம்.

அதனால் பாக்கெட்டில் அவர் முகம் வேண்டும். சிரித்த முகம். பல் தெரிய வேண்டும். எழுத்துப் படிக்கத் தெரியாதவர்களும் பல்லைப் படிப்பார்கள் என்று சொன்னார். புத்திசாலிதான். வாய்தான் கொஞ்சம் நாற்றம்.

போட்டோ ஒன்று கொண்டுவந்தார். ஸ்டுடியோக்காரர் பல்லின் மேல் வெள்ளைப் பெயிண்டைத் தொட்டுத் தொட்டு வைத்திருந்தார். ஆக, என் கைக்கு வரும்போதே அந்த முகம் பாதி பொய். மீதியைப் பொய்யாக்குவதுதான் என் வேலை. போட்டோவில் கன்னம் சாம்பல் நிறத்தில் இருக்கும். லினோலியத்துக்குச் சாம்பல் தெரியாது. கன்னத்தை வெட்டாமல் விட்டால் முதலாளி கரிமூட்டை ஆவார். முழுக்க வெட்டினால் வெள்ளைக்காரர் ஆவார். கோடு கோடாகச் சீவினேன். ரேகை விழுந்த கிழவர் ஆனார். மூக்கைப் பற்றி நீங்கள் கேட்க வேண்டாம்.

பல்லை மட்டும் மனசு வைத்து வெட்டினேன். ஒவ்வொரு பல்லாகக் குடைந்து எடுத்து, நடுவில் மயிரிழைபோலச் சுவர் விட்டேன். மாதிரிக்கு ஒன்று அச்சடித்துக் காட்டியபோது முதலாளி வெகுநேரம் பார்த்தார்.

"மூஞ்சி எங்க மாமனார் மாரி கீது. பல்லு மட்டும் என்துதான். சரி, அடி."

மெஷின்மேன் மிதிக்க ஆரம்பித்தான். ரோஸ் காகிதக் கட்டு ஏறி ஏறி இறங்கியது. அடித்த கட்டுகள் கவரைப்பேட்டைக்குப் போயின. பொடி நிரம்பியது. கடைகளுக்குப் போயிற்று. அடுத்த வாய்தாவன்று முதலாளி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

ஒரு பாக்கெட்டை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"இது இன்னாடா?"

பார்த்தேன். வாய் நிறையச் சிரிக்கிறார் முதலாளி. மேல்வரிசையில் முன்னால் ஒரு பல் இல்லை. அந்த இடம் கும்மென்று கறுத்திருந்தது. தெருச்சண்டையில் குத்து வாங்கிய ஆள் மாதிரி இருந்தார்.

"பல்லுங்க, முதலாளி."

"பல்லு எங்கடா? இல்லாத பல்லக் காட்டி நான் பல்பொடி விக்கிறதா? ஊத்துக்கோட்டையில ஒருத்தன் கேக்கறான், 'இன்னா நைனா, கொடம் தூக்கும்போது புட்டுக்கிச்சா'ன்னு. இந்தப் பொடி போட்டாப் பல்லு கொட்டிடும்னு ஒரு கெய்வி கடையாண்டயே சொல்லிட்டுப் போறா!"

நான் உடனே மெஷின்மேனைக் காட்டினேன். கடமை என்றால் தயங்கக் கூடாது.

"மைய அப்பி அப்பி அடிச்சிகிறான், முதலாளி. பல்லுக் குழியில மை ரொம்பிப் போச்சி."

"யோவ்," என்றான் மெஷின்மேன், மிதிப்பதை நிறுத்தாமலே. "குழி ஆயமா இருந்தா மை ஏன் ரொம்பப் போவுது? நீ வெட்டுனது பல்லா? நகத்தால கீறி வச்சிகிற. முதலாளி, அவனுக்கு மூக்கு ஒண்ணுதான் வெட்டத் தெரியும். அதான் பல்ல மூக்காட்டம் வெட்டிகிறான்."

"ஏண்டா, அடிக்கும்போது உன் கண்ணு எங்க போச்சி?"

"கண்ணு ரோட்ல கீது. கால்லதான் அடிக்கிறேன்."

முதலாளிக்குச் செருப்பை யார்மேல் உபயோகிப்பது என்று குழப்பம் வந்துவிட்டது. எதிரி இரண்டு பேராக இருப்பதில் இப்படி ஒரு சௌகரியம் உண்டு. அவர் கடைசியில் செருப்பைக் கீழே போட்டுக் காலில் மாட்டிக்கொண்டு சொன்னார்:

"என் பல்லு ஒண்ணு போனா, உன் வாயில ஒண்ணும் மிஞ்சாது. அடுத்த தபா வரும்போது பாக்கெட்ல எனுக்கு எல்லாப் பல்லும் இருக்கணும்."

அவர் போனபிறகு பிளாக்கைக் கழுவிப் பார்த்தேன். குற்றம் மெஷின்மேனுடையதும் இல்லை, வருத்தத்தோடு சொல்கிறேன். என்னுடையதும் இல்லை. கொட்டகை மேனேஜர் கனத்த ஆள். அவர் நாற்காலிக் கால் வருஷக்கணக்கில் அழுத்தி அழுத்தி, லினோலியம் அந்த இடத்தில் மட்டும் அப்பளமாகத் தேய்ந்திருந்தது. முதலாளியின் முன்பல் சரியாக அங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது. கொஞ்சம் குடைந்ததுமே அடியிலிருந்த கோணித்துணி தட்டிவிட்டது. ஆழம் இல்லாத குழியில் மையும் காகிதத் தூசியும் அடைந்து, பல் கறுத்துவிட்டது. ஒரு மனிதரின் பிருஷ்டம் இன்னொரு மனிதரின் பல்லை உடைத்த கதை உலகத்தில் வேறெங்கும் நடந்திருக்காது. முதலாளியிடம் இதைச் சொல்லலாமா என்று யோசித்து, என் பல்லை நாக்கால் ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டு விட்டுவிட்டேன்.

அந்தப் பல்லை மட்டும் கோணியைத் தாண்டி, அடியிலிருந்த மரக்கட்டை தெரிகிறவரை தோண்டினேன். இனி ஒரு டப்பா மையை ஊற்றினாலும் நிரம்பாது. புதிதாக அடித்தோம். முதலாளி எல்லாப் பல்லோடும் சிரித்தார். பாக்கெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை திட்டாமல் எடுத்துப்போனார். எனக்குச் சந்தேகம் அப்போதே வந்தது.

சந்தேகம் சரிதான். புதுப் பாக்கெட்டுகள் கட்டுக்கட்டாகத் திரும்பி வந்தன. ஊத்துக்கோட்டைப் பெட்டிக்கடைக்காரர்கள் வாங்க மாட்டேன் என்றுவிட்டார்கள். 'ஓட்டப்பல்லு பாக்கெட் குடு' என்று கேட்டு வாங்கிப் பழகிய ஜனங்களிடம் முழுப்பல் ஆளைக் கொடுத்தால், "இது டூப்பு நைனா, அந்த ஓட்டப்பல்லுக்காரன்துதான் அசலு" என்று திருப்பித் தருகிறார்களாம். ஓட்டைப் பல்லுக்கு ஊர் ஊராகக் கதையும் பிறந்திருந்தது. குடம் தூக்கியதில் போனது என்று சிலர். பொடி போடுவதற்கு முன்னால் எடுத்த படம் என்று சிலர். தன் குறையை மறைக்காமல் போட்டிருக்கிறான், யோக்கியன் என்று சொன்னவர்களும் உண்டாம். அந்த மனிதரை யோக்கியன் என்று யாராவது சொல்ல வேண்டுமென்றால் அவர் முகத்தில் இவ்வளவு சேதம் தேவைப்பட்டது.

முதலாளி மறுபடி வந்தார். இந்தத் தடவை வாய்தாகூட இல்லை.

"பழையபடி கருப்பாக்கு."

"முடியாதுங்க. வெட்டி எடுத்தது எடுத்ததுதான். திரும்ப ஒட்டாது."

"எங்கூட்டுக் காசுல என் பல்ல நீயே புடுங்குன. வேணான்னதும் நீயே நட்ட. இப்ப புடுங்குடான்னா முடியாதுன்றியா?"

எப்படியோ ஒரு துண்டு லினோலியத்தைச் சீவி, வஜ்ஜிரப் பசை வைத்து அந்தக் குழியில் அடைத்தேன். அடைப்பு கொஞ்சம் தூக்கி நின்றது. தூக்கி நின்றதால் மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் அழுத்தி விழுந்தது. முன்பு வெறும் கறுப்பாக இருந்த ஓட்டை இப்போது தார் பூசியதுபோல் பளபளத்தது. தூரத்திலிருந்து பார்த்தால் முகம் தெரியாது, ஓட்டைதான் தெரியும். விற்பனை பிய்த்துக்கொண்டு போயிற்று. முதலாளி பணக்காரரானார். அதற்காக என்னை இன்னும் அதிகமாக வெறுத்தார்.

எழுபதுகள் பிறந்ததும் கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனிகள் வர ஆரம்பித்தன. ஜி.என்.டி. ரோட்டில் லாரியும் ஆள் நடமாட்டமும் பெருகின. விடியலில் ஷிப்டுக்குப் போகிறவர்கள் வேப்பங்குச்சி ஒடிக்க நேரமில்லாமல் பாக்கெட் வாங்கினார்கள். முதலாளி ரோடு ஓரச் சுவர்களில் விளம்பரம் எழுத ஒரு பெயிண்டரைப் பிடித்தார். அந்தப் பெயிண்டரிடம் போட்டோவைக் கொடுத்திருந்தால் பிரச்னை இல்லை. பாக்கெட்டைக் கொடுத்து, "இத்தப் பாத்து எழுது" என்று சொல்லிவிட்டார்.

உள்ளங்கை அளவு படத்தைச் சுவர் அளவுக்குப் பெரிதாக்கும்போது, என் கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று அவனுக்கு எப்படித் தெரியும்? கன்னத்தில் நான் போட்ட கோடுகளைத் தழும்பு என்று நினைத்துவிட்டான். ஓட்டைப் பல்லை எப்படி எழுதுவது என்று பார்க்க அவன் வேறெங்கும் போக வேண்டியிருக்கவில்லை. அவனுக்கே முன்பல் ஒன்று கிடையாது. சாரத்திலிருந்து விழுந்ததில் போயிருந்தது. பெயிண்ட் டப்பாவுக்குப் பக்கத்தில் ரசம் போன கண்ணாடி ஒன்றை வைத்துக்கொண்டு, தன் வாயைப் பார்த்துச் சுவரில் வாய் எழுதினான். வாய்க்குப் பொருத்தமாகத் தாடை எழுதினான். தாடைக்குப் பொருத்தமாக மற்றதெல்லாம் வந்தது. கவரைப்பேட்டையில் தொடங்கிய சுவர் ஊத்துக்கோட்டை போய்ச் சேருவதற்குள், படத்திலிருந்து முதலாளி முழுக்க இறங்கிவிட்டார். பெயிண்டர் ஏறி உட்கார்ந்துவிட்டான். என் மூக்கு மட்டும் கடைசிவரை தாக்குப்பிடித்தது.

இது ஒருவருக்கும் உறைக்கவில்லை. முதலாளிக்குத் தெரிந்தது, பெயிண்டருக்குச் சுவரில் எழுதத் தெரியவில்லை என்பது மட்டும்தான். நடுரோட்டில் நிற்க வைத்து அவனைத் திட்டினார். "செவுத்துல சாணி அடிக்கிறவன் உன்னவிட நல்லா எய்துவான்" என்று சொன்னாராம். பெயிண்டர் பிரஷ்ஷைக் கழுவிவிட்டுப் போனான்.

இரண்டு மூன்று சந்தை கழித்து ஊத்துக்கோட்டையில் அவன் கடை போட்டான். ரோஸ் கலர்ப் பொடி. என் பாக்கெட்டைப் பார்த்து வேறு யாரோ வெட்டிய பாக்கெட். அதிலும் ஓட்டை இருந்தது, அதிலும் என் மூக்கு இருந்தது. தன் சுவருக்கு அடியிலேயே ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்று சிரித்தானாம். ஜனங்கள் பாக்கெட்டைப் பார்த்தார்கள், சுவரைப் பார்த்தார்கள், அவனைப் பார்த்தார்கள். எதிரே குடத்தோடு நின்ற முதலாளியைப் பார்த்து, "யாருய்யா நீ, அவுரு பேரச் சொல்லி ஏமாத்துற?" என்று கேட்டார்கள்.

முதலாளி எங்கள் அச்சகத்துக்கு வந்தபோது நான் முதல்முறையாக அவர் குரல் தாழ்ந்து கேட்டேன். அது செருப்பைவிடப் பயமாக இருந்தது.

"நாளைக்கிச் சந்த. நீ வர. அந்த பிளாக்க எட்துக்கினு வர. என்ன பாத்துதான் வெட்டுனேன்னு அத்தினி பேருக்கும் முன்னால சொல்ற. அங்கியே ஒண்ணு அட்ச்சிக் காட்டுற. நாளைக்கி என்ன அவனுங்க நம்பலன்னா அப்பால ஊத்துக்கோட்டையே எனுக்கு இல்ல. எல்லாம் உன் வேல. நீயே வந்து தீத்துட்டுப் போ."

மெஷின்மேன் ஒரு சின்ன டப்பாவில் மை எடுத்துக் கொடுத்தான். அவன் எனக்கு மனமுவந்து கொடுத்த முதல் பொருள் அது. "போய்ட்டு வா," என்றான். "அடிச்சாங்கன்னா மூக்குமேல வாங்கிக்க. வேற மூக்கு கத்துக்கலாம்."

மறுநாள் ஊத்துக்கோட்டை பஸ்ஸில் மடியில் பிளாக்கையும் மை டப்பாவையும் கையுருளையையும் வைத்துக்கொண்டு, முதலாளிக்குப் பக்கத்து சீட்டில் போனேன். வழியெல்லாம் சுவர்களில் பெயிண்டர் சிரித்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு சுவரையும் முதலாளி திட்டிக்கொண்டே வந்தார். சுவர் இல்லாத இடங்களில் என்னைத் திட்டினார்.

சந்தையில் பெயிண்டர் எங்களுக்கு முன்பே பெட்டிமேல் ஏறியிருந்தான். எங்களைக் கண்டதும் குரலை உயர்த்தினான்.

"பாத்துக்கங்கய்யா, பாத்துக்கங்கம்மா! செவுத்துல கீறதும் இந்த மூஞ்சி, பாக்கெட்ல கீறதும் இந்த மூஞ்சி! மூஞ்சி இல்லாதவனெல்லாம் கொடத்த எட்துக்கினு வரான், உஷாரு!"

"டேய், அது நான்டா!" என்று கத்தினார் முதலாளி. "செவுத்துக்குக் காசு குட்த்தவன் நான்!"

வெற்றிலைக் கூடையோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் எழுந்து வந்தாள். சந்தையில் அவள் வாய்க்கு எல்லாரும் பயப்படுவார்கள் போலிருக்கிறது. கூட்டம் வழி விட்டது. முதலாளியை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வாயத் தொற."

முதலாளி திறந்தார். அவர் வாழ்க்கையில் ஒருவர் சொல்லி வாயைத் திறந்தது அன்றுதான் இருக்கும்.

"எல்லாப் பல்லும் கல்லு மாரி கீது. உனுக்கு ஓட்ட எங்க?"

"எனுக்கு ஓட்டையே இல்லம்மா! அத்த இந்தக் கஸ்மாலம் வெட்டிட்டான்!" என்னைப் பிடித்து முன்னால் தள்ளினார். "சொல்றா!"

சொன்னேன். போட்டோவைப் பற்றி, லினோலியத்தைப் பற்றி, குழியைப் பற்றி, மையைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். கொட்டகை மேனேஜர் உட்கார்ந்ததைக்கூட விடவில்லை. அவர்கள் நம்பியிருப்பார்கள், நான் அத்தோடு நிறுத்தியிருந்தால். வாயால் சொன்னது போதாதென்று, பிளாக்கில் மையை உருட்டி, காகிதத்தை வைத்துத் தேய்த்து, உரித்து எடுத்து முதலாளியின் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தேன். கூட்டம் படத்தைப் பார்த்தது. அவரைப் பார்த்தது. பெயிண்டரைப் பார்த்தது.

"ஒண்ணும் ஒத்து வரல," என்றாள் வெற்றிலைக்காரம்மா. "மூக்கு அவன்துமில்ல, உன்துமில்ல. ஓட்ட மட்டும் அவன்து. போய்யா."

கூட்டத்தின் பின்பக்கமிருந்து ஒரு கத்தரிக்காய் வந்தது. அடுத்தது அழுகியதாக இருக்கும் என்று தெரிந்தது. முதலாளி என் சட்டையைக் கொத்தாகப் பிடித்து மாட்டு வண்டிக்குப் பின்னால் இழுத்துப்போனார். அவர் கண்கள் சிவந்திருந்தன. இன்று என் பல் எல்லாம் போகப்போகிறது என்று நினைத்தேன். அவர் என் கையிலிருந்த மை டப்பாவைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"பூசுடா," என்றார்.

"முதலாளி..."

"பூசுடான்றேன். உன்னாலதான போச்சி. நீயே பூசு."

"பல்லத் தொடச்சிக்கங்க. ஈரத்துல மை புடிக்காது."

என் தோளிலிருந்த துண்டை உருவிப் பல்லை அழுத்தித் துடைத்துக்கொண்டார். உதட்டைத் தூக்கிப் பிடித்தார். நான் சுட்டுவிரலில் மையைத் தொட்டு அந்தப் பல்லில் தடவினேன். தடவும்போது அவர் மூச்சு என் முகத்தில் அடித்தது. அத்தனை வருஷம் அந்த முகத்தை வெட்டியிருக்கிறேன். அவ்வளவு கிட்டத்தில் அன்றுதான் பார்த்தேன். மூக்கு நான் வெட்டியதுபோல் இல்லை. நல்ல மூக்குதான். வெட்டியிருக்கலாம்.

"இன்னா பாத்துக்கினு கீற?"

"ஒண்ணுமில்லிங்க. காயட்டும்."

அவர் வண்டிக்குப் பின்னாலிருந்து வெளிப்பட்டுக் குடத்துக்கு முன்னால் நின்று சிரித்தார். சிரிப்பில் கன்னத்தில் விழுந்த கோடுகளும் அந்த ஒற்றை ஓட்டையும் சேர்ந்து, பாக்கெட் அப்படியே எழுந்து நின்றது. ஜனங்கள் பாக்கெட்டைத் தூக்கி அவர் முகத்தோடு வைத்துப் பார்த்தார்கள்.

"பூசிக்கினு வரான்! மை பூசிக்கினு வரான்!" என்று பெட்டிமேலிருந்து அலறினான் பெயிண்டர். அவன் சொன்னது சத்தியம். அந்த நிமிஷம் அந்தச் சந்தையில் சத்தியம் சொன்னவன் அவன் ஒருவன்தான். பாவம், யாரும் கேட்கவில்லை.

முதலாளி என் துண்டைக் குடத்தின் கழுத்தில் கட்டினார். குனிந்து நுனியைக் கடித்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். குடம் மெல்லத் தரையைவிட்டுக் கிளம்பியது. தண்ணீர் அலம்பித் தூசியில் விழுந்தது. நிமிர்ந்து நின்று, குடத்தோடு அப்படியே பெயிண்டர் பக்கம் திரும்பினார்.

"ஏய், அசலு!" என்று வெற்றிலைக்காரம்மா பெயிண்டரைப் பார்த்துக் கையைத் தட்டினாள். "எறங்கு. நீயும் தூக்கு பாக்கலாம்."

முன்பல் இல்லாதவன் எதைக் கொண்டு கடிப்பான்? பெயிண்டர் குடத்தைப் பார்த்தான், தன் சுவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். என்னைப் பார்த்த பார்வையில் கெட்ட வார்த்தை இருந்தது. முதல் கத்தரிக்காய் அவன் பெட்டியில் பட்டது. பிறகு நல்ல காய், அழுகல் என்று யாரும் தரம் பார்க்கவில்லை. அவன் ஓடிய வேகத்தில் பெட்டி உருண்டு, ரோஸ் பொடி தரையெல்லாம் கொட்டியது. ஜனங்கள் அதை மிதித்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார்கள்.

சந்தை முடியும்வரை முதலாளி வாயைத் திறக்கவில்லை. பாக்கெட்டைக் கொடுத்தார், தலையை ஆட்டினார், உதட்டை இறுக்கி மூடிக்கொண்டே இருந்தார். கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு மட்டும் காரணம் புரிந்தது. குடத்தை இறக்கித் துண்டிலிருந்து வாயை எடுத்தபோது, மை மொத்தமும் துண்டோடு போய்விட்டது. உள்ளே பல் வெள்ளை வெளேரென்று இருந்தது.

பஸ் ஊத்துக்கோட்டையைத் தாண்டியதும்தான் பேசினார். நன்றி என்று நீங்கள் எதிர்பார்த்தால், அவரை உங்களுக்கு நான் சரியாக வெட்டிக் காட்டவில்லை என்று அர்த்தம். துண்டை என் முகத்தில் விட்டெறிந்தார்.

"இனிமே சந்தைக்கிச் சந்த நான் கரியப் பூசிக்கினு நிக்கணும். என் ஆயுசுக்கும். எல்லாம் உன்னால."

உண்மையிலேயே நின்றார். வாய்தா நாளில் எங்கள் அச்சகத்துக்கு வந்து, மெஷின்மேனிடம் மை வாங்கிப் போவார். என்னிடம் கேட்க மாட்டார். எனக்கு வேலை கொடுப்பதை நிறுத்தவும் இல்லை, திட்டுவதை நிறுத்தவும் இல்லை. பெயிண்டரை நான் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் ஒரே ஒரு தடவை பார்த்தேன். அவனும் என்னைப் பார்த்தான். அதற்குள் ரயில் வந்துவிட்டது, என் நல்ல காலம்.

அந்தச் சந்தை நாள் சாயந்திரம் நான் அச்சகத்துக்குத் திரும்பியபோது, மெஷின்மேன் என் முகத்தில் காயம் தேடினான். ஒன்றும் இல்லாததில் அவனுக்கு ஏமாற்றம். தோளிலிருந்த துண்டைப் பிடுங்கி விளக்கடியில் விரித்தான். வெள்ளைத் துணியில் ஒரே ஒரு பல். விளிம்பு, வளைவு, ஓரத்திலிருந்த சின்னக் கீறல்வரை அப்படியே விழுந்திருந்தது. அவன் வெகுநேரம் பார்த்தான்.

"இதான்யா அச்சி," என்றான். "மூஞ்சிக்கும் துணிக்கும் நடுவுல நீ இல்ல பாரு. எவ்ளோ நல்லா வுயுந்துகீது."

அவன் மையை நான் பதமாகத் தடவியதால்தான் விழுந்தது என்று சொன்னேன். அவன் மை நல்ல மை என்பதால் விழுந்தது என்றான். அதில் ஆரம்பித்த சண்டை அந்த வாரம் முழுக்க நடந்தது.